வாசற்படியில் ஒரு வாழையிலைப் பொட்டலம்

வதனியின் வலது கால் அதில் பட்டுவிட்டது. பட்டதும் அப்படியே நின்றாள். மற்றக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு நின்ற என் மனைவியை, பின்னால் அவசரமாக வந்த நான் கிட்டத்தட்ட இடித்தே விட்டேன்.

ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட் பகுதியில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்வாசல். ஆவணி மாதம், காலை ஆறு மணி இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போக ரயிலுக்குப் புறப்பட்டிருந்தோம்.

எட்டிப் பார்த்தேன். வாசற்படியின் ஓரத்தில் ஒரு வாழையிலைப் பொட்டலம். கால் பட்டதில் கட்டு அவிழ்ந்து பாதி விரிந்து கிடந்தது. உள்ளே ஒரு பிடி சோறு, பொரித்த மீன் துண்டு, வாழைப்பழம், வெற்றிலைச் சுருள், பாக்குச் சீவல். இவற்றோடு ஒரு சிகரெட். பக்கத்தில் மஞ்சள் பூ ஒன்றும் பாதி எரிந்து அணைந்த மெழுகுதிரியும்.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவரைப் பிடித்த நோயையோ பீடையையோ சோற்றிலும் பூவிலும் இறக்கி, சந்தியிலோ வேண்டாதவர் வாசலிலோ கொண்டுபோய் வைப்பதைக் கழிப்பு என்பார்கள். மிதித்தவரின் வீட்டுக்குள் அது போய்விடும் என்பது நம்பிக்கை. அந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

"இஞ்சேருங்கோ, நான் மிதிச்சுப்போட்டன்" என்றாள் வதனி.



ஒவ்வொரு நாளும் லாபம்

அபிரா எங்களுடைய ஒரே மகள். அப்போது அவள் பிள்ளைத்தாய்ச்சி, இருபத்தெட்டாவது கிழமை. மூன்று நாளைக்கு முன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள், தலையிடிக்கிறது, கண்ணுக்குள் மின்னுகிறது என்றாள். அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. பிரஷர் கண்டபாட்டுக்கு ஏறியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் எங்களை இருத்தி வைத்து மெதுவாகச் சொன்னார். குழந்தை உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் லாபம். ஆனால் தாய்க்கு ஆபத்து என்று கண்டால் காத்திருக்கமாட்டோம், அந்த நிமிடமே எடுத்துவிடுவோம். எடுத்தால் பிழைக்குமா என்று வதனி கேட்டாள். நல்ல சந்தர்ப்பம் இருக்கிறது என்றார். நோர்வே டொக்டர்களிடம் அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது.

அன்றிலிருந்து இரவில் மருமகன் அபிராவோடு இருப்பார். விடிந்ததும் நாங்கள் போய் அவரை அனுப்புவோம். வதனி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தேத்தண்ணீர் மட்டும் குடித்தாள்.

இடுக்கியும் மஞ்சள் தண்ணீரும்

நான் பஸ் ஓட்டுகிறவன். சாத்திரம், சூனியம் என்று யாராவது கதைத்தால் வாய்க்கு வந்தபடி பேசிவிடுவேன். கோயில் நிர்வாகத்தோடு நான் பிடித்த சண்டையைச் சில கிழமைகளுக்கு முன்தான் இந்தப் பக்கங்களில் எழுதினேன். அதற்கு வந்த திட்டுகள் இன்னும் ஓயவில்லை. அப்படிப்பட்ட வீரன் அன்று என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

மேலே ஓடினேன். பல்கனியில் இறைச்சி வாட்டுகிற இடுக்கியை எடுத்தேன். ஒரு கோப்பையில் மஞ்சள் தண்ணீர் கரைத்தேன். கீழே வந்து சோறு, மீன், பழம், சிகரெட் எல்லாவற்றையும் இடுக்கியால் பொறுக்கிப் பைக்குள் போட்டேன். கை படாமல் பார்த்துக்கொண்டேன். படியெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். வதனி சொன்னபடி ஒரு தேசிக்காயை வெட்டி அவளுடைய தலையைச் சுற்றி எறிந்தேன். எங்கள் குப்பைக்குள் போடக் கூடாது என்றாள். அந்தப் பையை நீட்டிப் பிடித்தபடி, கடைத்தொகுதியின் பின்பக்கத்துப் பெரிய குப்பைப்பெட்டிவரை நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

கலியாணம் பேசிய காலத்தில் என்னுடைய பெரியம்மா ஒருவர், மட்டக்களப்பில் பெண் எடுத்தால் மந்திரம் செய்து பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெருட்டியிருந்தார். முப்பது வருசமாக அதைச் சொல்லித்தான் வதனியைச் சீண்டிக்கொண்டிருந்தேன். அன்று காலை பாயோடு ஒட்டிப்போய் நின்றது நான்தான்.

அதற்குள் வதனி ஆளையும் கண்டுபிடித்துவிட்டாள். லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கி இருக்கிற ஒரு குடும்பத்தின் மகனை அபிராவுக்குப் பேசி, பிறகு நாங்கள்தான் வேண்டாம் என்றோம். அதற்குப் பிறகு அந்தத் தாய் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். அவர்தான் என்று வதனி முடிவே கட்டிவிட்டாள். நான் திரும்பி வரும்போது கைத்தொலைபேசியில் அந்த இலக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சொந்தம் ஏராளம். அந்த ஒரு அழைப்பு போனால் ஒஸ்லோவில் எந்த நன்மை தீமைக்கும் எங்களை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

பொறு என்றேன். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். எனக்கும் அவர்மேல்தான் சந்தேகம்.

சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால்

என்னைத் தடுத்தது இரண்டாவது பொட்டலம். குப்பைப்பெட்டியிலிருந்து வரும் வழியில், சிறுவர் மணல் விளையாட்டிடத்தின் பக்கத்து மரத்தடியில் அதைக் கண்டிருந்தேன். வதனியை நிற்கச் சொல்லிவிட்டுக் கட்டிடத்தைச் சுற்றி நடந்தேன். அடுத்த மரத்தடியில் மூன்றாவது. வேலியோரம் நான்காவது. ஒரு அடுக்குமாடி முழுவதற்கும் கழிப்பு வைக்கிற அளவுக்கு லோறென்ஸ்கூக்காரருக்கு எங்கள்மேல் கோபம் இருக்க முடியாது என்று அப்போதுதான் புத்தி வேலை செய்தது.

சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் பூன்மி குந்தியிருந்தார்.

பூன்மி கீழ்மாடியில் தனியாக இருக்கிற லாவோஸ் பெண். அறுபது வயது இருக்கும். சலவை நிலையம் ஒன்றில் வேலை. பதினைந்து வருசமாக அயலவர். படியில் கண்டால் சிரிப்போம். அன்று தோளில் குறுக்காக ஒரு வெள்ளைச் சால்வை, நீளமான பட்டுப் பாவாடை. முன்னால் ஒரு தட்டு. கடைசிப் பொட்டலத்துக்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் எழும்பித் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். முகம் வெளிறிவிட்டது. சங்கத்துக்கு எழுதப்போகிறீர்களா என்று நோர்வே மொழியில் கேட்டார். எனக்கு உடனே விளங்கவில்லை. குடியிருப்புச் சங்க நிர்வாகத்தில் நானும் ஒருவன். எலித் தொல்லை, நிலத்தில் சாப்பாடு போடக் கூடாது என்று போன மாதம் எல்லா வாசலிலும் ஒட்டிய அறிவித்தலில் என்னுடைய கையெழுத்தும் இருந்தது. நான் அவருக்குப் பயந்து வந்திருக்கிறேன், அவர் எனக்குப் பயந்து நிற்கிறார்.

எங்கள் வாசலில் வைத்ததும் நீங்களா என்று கேட்டேன். கொஞ்சம் அதட்டலாகத்தான் கேட்டேன்.

"ஆம். மற்றவை என் ஆட்களுக்கும் யாருமில்லாதவர்களுக்கும். அது உங்கள் வீட்டு ஆட்களுக்கு" என்றார்.

எந்த ஆட்கள் என்றேன்.

"இறந்த ஆட்கள்."

இன்று அவர்களுடைய ஒன்பதாம் மாதத்து அமாவாசை என்று விளக்கினார். நிலத்தில் சோறு வைக்கிற திருநாள். வருசத்தில் இந்த ஒரு விடியலில் செத்தவர்களை நரகத்திலிருந்து வெளியே விடுவார்களாம். பசியோடு வீடு தேடி வருவார்களாம். சாப்பாடு கிடைத்தால் வாழ்த்திவிட்டுப் போவார்கள், கிடைக்காவிட்டால் மனம் நொந்து போவார்கள். உங்கள் மகளை அம்புலன்ஸில் ஏற்றியதைக் கண்டேன் என்றார். உங்கள் ஆட்கள் வந்து வெறும் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது என்று நினைத்தேன், அவர்கள் வாழ்த்தினால் பிள்ளைக்கு நல்லது என்றார்.

பிறகு, சாப்பாட்டை நாய் எதுவும் இழுக்கவில்லையே என்று கேட்டார்.

இழுத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். இடுக்கி இன்னும் என் கையில்தான் இருந்தது. பூன்மி அதைப் பார்த்தார். குனிந்து மெழுகுதிரியைக் கொளுத்தி முடித்தார்.

பூன்மியின் கலண்டர்

லோறென்ஸ்கூக்குக்கு அழைப்பு போகவில்லை. ஆனால் வதனிக்கு இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டது. யாரோ நல்லதுக்கு வைத்ததை மிதித்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, குப்பையில் போட்டாயிற்று. இது கழிப்பை மிதித்ததைவிட மோசம் என்றாள். அன்று பின்னேரமே பூன்மியின் கதவைத் தட்டினாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற நாளெல்லாம் அங்கே போய் அரை மணித்தியாலம் இருந்துவிட்டுத்தான் மேலே வருவாள். நானும் சில நாள் கூடப் போனேன்.

பூன்மியின் குசினிச் சுவரில் நோர்வே கலண்டர் ஒன்று தொங்கியது. அதில் அரசாங்கம் சிவப்பில் அச்சடித்த விடுமுறைகளை அவர் பொருட்படுத்தவில்லை. பேனையால் தானே வட்டம் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு கதை.

சித்திரையில் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே நேரத்தில்தான் வருசம் பிறக்கிறது. ஊரில் மூன்று நாள் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்களாம். இங்கே சித்திரையில் புல்லுக்கு மேல் பனி கிடக்கும். அதனால் கேத்திலில் சூடாக்கி, பூப் போட்டு, பெரியவர்களின் உள்ளங்கையில் மட்டும் ஊற்றுகிறோம் என்றார்.

வைகாசியில் மழை வேண்டி மூங்கில் வாணம் விடுகிற திருவிழா. அதை இங்கே கைவிட்டுவிட்டார்கள். ஒஸ்லோவில் மழை கேட்டு வாணம் விட்டால் அயலவர்கள் கட்டி வைத்து அடிப்பார்கள் என்று அவர் சொன்னபோது, பல நாளுக்குப் பிறகு வதனி சிரித்தாள்.

ஆடியிலிருந்து மூன்று மாதம் பிக்குகள் விகாரையை விட்டு வெளிக்கிடமாட்டார்கள், அந்தக் காலத்தில் கலியாணம் இல்லை. ஐப்பசிப் பூரணையில் அது முடியும். ஊரில் ஆறு நிறைய விளக்குப் படகுகள் விடுவார்களாம். பூன்மி பால் பெட்டியை வெட்டி, அதற்குள் மெழுகுதிரி வைத்துக் குளத்தில் விடுகிறார். ஒருமுறை வாத்து ஒன்று அதை முட்டிக் கவிழ்த்துவிட்டதாம். அந்த வருசம் முழுவதும் அவருக்கு மனம் சரியில்லை.

டிசம்பர் இரண்டாம் திகதிக்கு வட்டம் இல்லை. அது அவர்களுடைய தேசிய தினம், பெரிய விடுமுறை. அந்த அரசாங்கத்துக்குப் பயந்துதான் ஓடி வந்தோம் என்றார். எங்களுக்கு அதை விளக்கத் தேவையிருக்கவில்லை. இலங்கைச் சுதந்திர தினமான பெப்ரவரி நாலாம் திகதியை வதனியும் வட்டம் போடுவதில்லை.

செத்தவர்களுக்குச் சோறு வைக்கிற நாளுக்கு அங்கே விடுமுறை உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். புது வருசத்துக்கு, பெண்கள் தினத்துக்கு, மே தினத்துக்கு எல்லாம் உண்டு. இதற்கு இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் விடிவதற்குள் வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம்.

யாருக்குக் கொடுப்பதில்லை?

அமாவாசைக்குப் பதினைந்து நாள் கழித்து வருகிற பூரணைக்கும் ஒரு வட்டம் இருந்தது. அன்றும் செத்தவர்களுக்குத்தான். ஆனால் நிலத்தில் வைப்பதில்லை. சாப்பாடும் உடுப்பும் கூடையில் வைத்து விகாரைக்குக் கொண்டுபோவார்கள். செத்தவருடைய பெயரைத் துண்டில் எழுதிக் கூடையோடு கொடுக்கவேண்டும். பெயர் எழுதினால் அது நேரே அந்த ஆளைப் போய்ச் சேரும். முதல் வைத்ததைக் குப்பையில் போட்டவர்களும் இதைச் செய்யலாமா என்று வதனி கேட்டாள். செய்யலாம் என்றார் பூன்மி.

யாருடைய பெயரை எழுதுவது என்று பேச்சு வந்தது. என்னுடைய அப்பா அம்மாவுக்குத் திவசம் செய்கிறோம். வதனியின் பெற்றோருக்கும் செய்கிறோம். பூன்மி பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாங்கள் யாரும் எதிர்பார்க்காத கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"யாருக்குக் கொடுப்பதில்லை?"

வதனி எழும்பிக் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள்.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. சிவநேசன். வீட்டில் நேசன். பத்தொன்பது வயதில் ஆமிக்காரரின் ஒரு சுற்றிவளைப்பில் கூட்டிப்போனார்கள். போனவன்தான். முகாம், பொலிஸ், ஆணைக்குழு என்று மாமியார் ஏறாத படியில்லை. எல்லாப் படிவத்திலும் காணாமல் போனவர் என்றுதான் எழுதினார். செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டியைச் செய்யலாம் என்று வாய் திறந்த ஐயரை வீட்டை விட்டே அனுப்பிவிட்டார். சாகும்போது, தேடுவதை மட்டும் விட்டுவிடாதே என்று வதனியிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். அதற்குப் பிறகு படிவங்களை வதனி நிரப்பினாள். நான் ஒருமுறை, அவன் இருந்தால் இதற்குள் ஐம்பது வயது என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அன்று பூன்மியிடம் நான்தான் இதைச் சொன்னேன். வதனி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். உயிரோடு இருப்பவர் பெயரை எழுதவே கூடாது, அது அவருக்கு ஆகாது என்றார் பூன்மி. தன்னுடைய அப்பா மேகொங் ஆற்றைக் கடக்கும்போது போனவர் என்றும், உடல் கிடைக்கவில்லை என்றும், அம்மா பதினொரு வருசம் பெயர் எழுத மறுத்தார் என்றும் சொன்னார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. நான் ஒரு கூடை அதிகமாகவே கட்டுவேன், பெயர் இல்லாவிட்டால் அது யாருமில்லாதவர்களுக்குப் போகட்டும் என்றார்.

படியேறி வரும்போது வதனி சொன்னாள்: "எழுதினால் நான் அம்மாவுக்குச் செய்த சத்தியம் போச்சு. எழுதாட்டி என்ரை பிள்ளைக்கு ஏதும் நடந்தால் நான் என்ன செய்யிறது?"

விசர்க்கதை கதைக்காதே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் சீறியிருக்கவேண்டும். சீறவில்லை. இடுக்கி பிடித்த கைக்கு அந்த உரிமை இல்லை என்று பட்டது. அவளுக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது. காவி உடுத்த பிக்குவைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு வேறு ஞாபகங்கள் வரும். அந்தக் கையில் தம்பியின் பெயரைக் கொண்டுபோய்க் கொடுப்பதா என்றாள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. பிரஷர் ஒரு நாள் இறங்கும், ஒரு நாள் ஏறும். டொக்டர் ஒவ்வொரு நாளையும் லாபக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

பூரணை அன்று

தான் விகாரைக்கு வரப்போவதில்லை என்று முதல் நாளே பூன்மிக்குச் சொல்லியனுப்பினாள் வதனி. அவர் விடியவே கூடைகளோடு விகாரைக்குப் போய்விட்டார். அன்று நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் புறப்படப் பிந்திவிட்டோம்; ஒன்பது மணிக்கு மருமகன் அழைத்தார். அழுதழுது சொன்னார். அபிராவுக்குப் பார்வை மங்கிவிட்டது, இனிக் காத்திருக்க முடியாது, சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகிறார்கள்.

நாங்கள் போய்ச் சேரும்போது கதவு சாத்தியாயிற்று. மருமகனை மட்டும் உள்ளே விட்டிருந்தார்கள். நீளமான நடைபாதையில் இரண்டு கதிரைகள். நான் இருந்தேன். வதனி இருக்கவில்லை. கதவுக்கு நேரே சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒருவர் ஓடிவந்து உள்ளே போனார். சில நிமிடங்களில் இன்னொருவர் ஓடினார். வதனி என்னைப் பார்த்தாள். 

அப்போதுதான் அவளுடைய தொலைபேசி அதிர்ந்தது. பூன்மி. இங்கே நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. பின்னால் யாரோ ஓதுகிற சத்தம் எனக்கும் கேட்டது. பெயர்த் துண்டுகளைச் சேர்க்கிறார்கள், உங்களுடையதை வெறுமையாக விடட்டுமா என்று கேட்டார்.

வதனி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எந்த அரசாங்கக் கந்தோரிலும் கேட்கிற முழுப்பெயரைச் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னாள்.

"கந்தையா சிவநேசன்."

பூன்மி திருப்பிச் சொன்னார். எழுதுகிற இடைவெளி. பிறகு, மன்னியுங்கள், நான் கேட்டே ஆகவேண்டும் என்றார்.

"இறந்தவர்தானே?"

முப்பது வருசத்துக்கு மேலாக எத்தனை படிவங்களில் இந்தக் கேள்வி வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் தாயும் அவளும் எதை எழுதினார்கள் என்பதும் தெரியும். இப்போது அவளுடைய உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யா" என்றாள் நோர்வே மொழியில், ஆம் என்று. அவ்வளவுதான். தொலைபேசியை என் கையில் தந்தாள்.

"நானே தம்பியைச் சாக்காட்டிப்போட்டன், என்ன?" என்று கேட்டாள்.

நான் எழும்பி அவளுக்குப் பக்கத்தில் சுவரோடு போய் நின்றேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. பத்து நிமிடமாகவும் இருக்கலாம், முக்கால் மணித்தியாலமாகவும் இருக்கலாம். கதவு திறந்தது. பச்சை உடுப்புப் போட்ட தாதி ஒருத்தி முகமூடியைக் கீழே இழுத்துக்கொண்டு வந்தாள். பெண் குழந்தை. ஆயிரத்து முந்நூறு கிராம். தானாகவே மூச்சு விடுகிறது. தாயும் தப்பிவிட்டாள்.

வதனி சுவரோடு வழுக்கி நிலத்தில் இருந்தாள். இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என்ரை ராசா, என்ரை ராசா" என்று குரலெடுத்து அழத் தொடங்கினாள். தாய் செத்தபோதும் அவள் இப்படி அழவில்லை.

தாதியின் கண்ணும் கலங்கிவிட்டது. நிலத்தில் முழங்காலிட்டு வதனியைக் கட்டிப்பிடித்தாள். அம்மம்மா ஆகிவிட்டீர்கள், வாழ்த்துகள், வாழ்த்துகள் என்று அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நேசனின் செத்தவீட்டுக்கு வந்தவர் அவள் ஒருத்திதான்.